சபையில் கேட்டதும் வெளியே சொல்வதும்

ஒரு சபையில் நால்வர் கூடிப் பேசுகின்றனர். ஐந்தாமவர் அதனை எழுதிக்கொள்கிறார். தாள் அவருடையது, மையும் அவருடையது. அதிலுள்ள சொல் யாருடையது? அதனை ஊரார்க்குப் படித்துக் காட்ட அவருக்கு அனுமதி தந்தவர் யார்?

ஆயிரம் பேர் கூடிய பயான் மஜ்லிஸும், திண்ணையில் இரண்டு ஆலிம்கள் தமக்குள் தர்க்கித்துக் கொண்டதும் கைபேசியில் ஒரே விதமாகப் பதிவாகி, மறுநாள் காலைக்குள் கடல் கடந்த உறவினரையும் எட்டிவிடும் இக்காலத்தில், இவை புதிய கேள்விகள் போலத் தோன்றும். புதியன அல்ல. ஹதீஸ் கலையின் மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவற்றை எடுத்து ஆராய்ந்து, கருத்து வேறுபட்டு, தம் முடிவுகளை எழுதியும் வைத்துள்ளார்கள். நாம் மதரஸாவில் ஓதிய பாடங்களில் இப்பகுதியை மாணவர்கள் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நின்று பார்க்கத் தகுந்த இடம் அது.

அடிப்படையில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு அக்கம் பக்கம் திரும்பிப் பார்ப்பாராயின், அச்சொல் கேட்டவரிடம் அமானிதமாகிவிடும் என்ற கருத்துடைய நபிமொழியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அபூதாவூதும் இமாம் திர்மிதியும் பதிவு செய்துள்ளார்கள். ‘இது இரகசியம்’ என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்த பார்வையே போதும் என்பது இதில் கவனிக்கத்தக்கது. மற்றொன்று, பிறருடைய கடிதத்தை அவர் அனுமதியின்றிப் பார்ப்பதைக் கண்டிப்பது. இதனை அபூதாவூது அவர்கள் தம் ஸுனனில் சேர்த்துள்ளார்கள் எனினும், இதன் அறிவிப்பு வழிகள் யாவும் பலமற்றவை, தாம் தந்துள்ள வழியும் பலவீனமானதே என்று தாமே குறித்து வைத்துள்ளார்கள். மேடைகளில் இச்செய்தியை எடுத்தாள்வோர் அந்தக் குறிப்பையும் சேர்த்துச் சொன்னால் நலம்.

பலவீனமானதாயினும் இச்செய்தியின் பொருளைப் பற்றி அறிஞர்கள் பேசாமல் விடவில்லை. ஹதீஸ்களின் அரிய சொற்களுக்கு ‘அந்நிஹாயா’ என்னும் அகராதியை இயற்றிய இப்னுல் அஸீர் (ஹிஜ்ரீ 606 - கி.பி. 1210) அவர்கள், இரகசியமும் அமானிதமும் அடங்கி, பிறர் பார்ப்பதை உரியவர் விரும்பாத கடிதத்தையே இது குறிக்கும் என்று விளக்கம் தருகிறார்கள். எல்லா எழுத்துக்கும் இது பொது என்று சொன்னோரும் உண்டு என்பதையும் உடன் குறிப்பிடுகிறார்கள். கல்விக்குரிய எழுத்து வேறு, மனிதரின் அந்தரங்க எழுத்து வேறு என்னும் கோடு இங்கே கிழிக்கப்படுகிறது. பின்னர் எழுந்த வழக்குகள் யாவும் இந்தக் கோடு எங்கே செல்கிறது என்பதைப் பற்றியவையே.

இனி டமாஸ்கஸ் நகருக்கு வருவோம். நம் முன்னோர் திமிஷ்கு என்று வழங்கிய அந்நகரில், ஐயூபி அரசர் அல்அஷ்ரஃப் மூஸா அவர்கள் நிறுவிய தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யா ஹிஜ்ரீ 630-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு ஆசிரியப் பீடத்தில் அமர்ந்த இப்னுஸ் ஸலாஹ் (ஹிஜ்ரீ 643 - கி.பி. 1245) அவர்கள் மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்த நூலே ‘முகத்திமா’ என்று உலகம் அறிவது. ஒருவரிடமிருந்து ஒரு செய்தியைப் பெறும் வழிகள் எட்டு என்று அதில் வகுத்துள்ளார்கள். ஆசிரியர் ஓதக் கேட்பது முதல் வழி. ஆசிரியர்முன் மாணவர் ஓதுவது இரண்டாவது. மூன்றாவது ‘இஜாஸா’, அதாவது அனுமதி. நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதலிய அரபுக் கல்லூரிகளில் ஸனது வழங்கும் விழா நடைபெறுகிறதே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஸனது என்பது தேர்ச்சிச் சீட்டு மட்டுமன்று. எடுத்துச் சொல்ல ஒருவர் தந்த அனுமதி.

கடிதம் எழுதி அனுப்புவதும் எட்டில் ஒரு வழி. கடிதத்துடன் அனுமதியும் எழுதப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. கடிதம் மட்டும் வந்து, அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால்? அய்யூப் ஸக்தியானீ, லைஸ் இப்னு ஸஅத் போன்றோர் அதனை அறிவிக்கலாம் என்றார்கள். ஹதீஸை எழுதி உம்முடைய பெயருக்கு அனுப்பியதே அனுமதிக்கு அடையாளம் அன்றோ என்பது அவர்கள் பக்கத்து நியாயம். இமாம் மாவர்தீ முதலியோர் அதனை ஒப்பவில்லை.

இவற்றுள் நுட்பமானது ‘இஃலாம்’ என்னும் வழி. ஆசிரியர் ஒரு நூலைக் காட்டி, இது நான் இன்னாரிடம் கேட்டது என்று தெரிவிக்கிறார். என்னிடமிருந்து அறிவித்துக்கொள் என்று சொல்லவில்லை. அறிவிக்கலாம் என்றோர் பலர். ராமஹுர்முஸீ அவர்கள் ஒருபடி மேலே சென்று, அறிவிக்காதே என்று ஆசிரியர் தடுத்தாலும் மாணவர் அறிவிக்கலாம் என்று கருதினார்கள். இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் உடன்படவில்லை. அந்நூலில் ஏதோ ஒரு குறையை ஆசிரியர் அறிந்திருக்கலாம், அதனாலேயே அனுமதி தராமல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஒப்புமை நீதிமன்றத்தைச் சார்ந்தது. காஜியின் சபைக்கு வெளியே ஒருவர் ஒரு சாட்சியத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார். கேட்டவர் நேரே காஜியிடம் சென்று, இன்னார் இப்படிச் சாட்சி சொன்னார் என்று கூற இயலாது. சொன்னவர் அதற்கு இசைவு தந்திருக்க வேண்டும். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் எந்த இடத்தில், எந்த நோக்கத்தில் சொன்னார் என்பது சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தத் துறையில் இதனினும் பொருத்தமான ஒப்புமையை நாம் கண்டதில்லை.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது ‘முதாகரா’ என்பது. ஹதீஸ் அறிஞர்கள் இரவில் கூடி, நினைவிலிருந்து ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லி, திருத்தி, வாதித்து, மகிழ்ந்த உரையாடல் அது. பாடம் அன்று. ஆசனமிட்டு அமர்ந்து, ஏட்டைத் திறந்து, எழுதுவோர் எழுதட்டும் என்று ஓதும்போது இருக்கும் எச்சரிக்கை அங்கே இராது. சொல் சற்று முன்பின்னாகும். நினைவும் சில வேளை ஏமாற்றும். எனவே, முதாகராவில் கேட்டதை அறிவிப்பவர், அது அவ்வாறு கேட்கப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ஹிஜ்ரீ 198), அபூ ஸுர்ஆ அர்ராஸீ (ஹிஜ்ரீ 264) ஆகியோர் இன்னும் கண்டிப்பாக இருந்து, முதாகராவில் தாம் பேசிய எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்று தடையே விதித்தார்கள். அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் அவர்களைப் பற்றியும் இவ்வாறே சொல்லப்பட்டுள்ளது. இவர்கள் கல்வியை மறைத்தவர்கள் அல்லர். வாழ்நாள் முழுவதும் அதனைப் பரப்பியவர்கள். பரப்புவதற்கென்று பேசிய பேச்சையும், நண்பரோடு பேசிப் பார்த்த பேச்சையும் ஒன்றாக்கிவிடாதீர்கள் என்பதே அவர்கள் வேண்டியது. இரண்டாவது வகைப் பேச்சுக்குத் தடை இல்லாதிருந்தால், மனிதர் தம் ஐயத்தை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சுவர். ஐயம் சொல்லப்படாத சபையில் என்ன கல்வி வளரும்?

ஆயினும் எல்லா அதிகாரத்தையும் சொன்னவர் கையிலேயே அவர்கள் ஒப்படைத்துவிடவில்லை. முறைப்படி ஓதிக் கேட்கச் செய்த பின்னர், என்னிடமிருந்து அறிவிக்காதே என்று ஆசிரியர் தடுத்தால், தாம் சொன்னதில் பிழையோ ஐயமோ இருப்பதாக அவர் கூறாதவரையில் அத்தடை கேட்டதைச் செல்லாததாக்காது. வெளியிட்ட சொல்லைக் கோபத்தால் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது என்பது இதன் பொருள். கூஃபாவின் காஜி ஹஃப்ஸ் இப்னு கியாஸ் அவர்களிடம் வந்த வழக்கு இன்னும் சுவையானது. கூடிக் கேட்ட பாடத்தின் ஏடு ஒருவர் கையில் இருக்கிறது. உடன் கேட்ட மற்றவருக்கு அதனை அவர் தர மறுக்கிறார். நூல்களைக் கொண்டுவரச் சொன்ன காஜி, இவரும் கேட்டார் என்று ஏட்டின் உரிமையாளர் தம் கையாலேயே குறித்திருந்தால் தந்தாக வேண்டும், வழக்கிட்டவரே எழுதிக்கொண்ட குறிப்பாயின் கட்டாயமில்லை என்று தீர்த்தார்கள். பொதுவில் கேட்டதை ஒருவர் பூட்டி வைக்கவும் கூடாது!

இமாம் நஸாயீ (ஹிஜ்ரீ 303) அவர்களின் செய்தி இவ்விரு நிலைக்கும் நடுவே நிற்கிறது. எகிப்தின் காஜியாயிருந்த ஹாரிஸ் இப்னு மிஸ்கீன் (ஹிஜ்ரீ 250) அவர்களின் சபைக்கு அன்னார் சென்றபோது, அணிந்திருந்த உடையைக் கண்டு அரசாங்க ஒற்றரோ என்று ஹாரிஸ் அவர்கள் ஐயுற்று, அனுமதி மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. நஸாயீ அவர்கள் கண்ணில் படாத இடத்தில் அமர்ந்து, உள்ளே ஓதப்பட்டதைக் கேட்டார்கள். கேட்டதை விட்டுவிடவும் இல்லை. மறைத்து அறிவிக்கவும் இல்லை. மற்ற ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர் எமக்கு அறிவித்தார் என்பார்கள். ஹாரிஸ் அவர்களைப் பற்றி அந்தச் சொல்லை ஆளாமல், அவரிடம் ஓதப்பட்டது, தாம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். பக்தாதின் பர்கானீ (ஹிஜ்ரீ 425) அவர்களும், எளிதில் ஹதீஸ் சொல்லாத அபுல் காஸிம் ஆபந்தூனீ அவர்களிடம் இவ்வாறே மறைந்திருந்து கேட்டு, ‘கேட்டேன்’ என்று மட்டும் சொல்லி, ‘எமக்கு அறிவித்தார்’ என்னும் சொல்லைத் தவிர்த்தார்கள். ஏனெனில் அவர் அறிவித்தது வேறொருவருக்கு.

சொன்னவர் மாண்டு, அனுமதி கேட்க ஆளே இல்லாதபோது என்ன செய்வது? எட்டாவது வழியான ‘விஜாதா’ அதற்குரியது. கண்டெடுத்த ஏட்டிலிருந்து எடுப்பவர், இன்னாரின் கையெழுத்தில் கண்டேன் என்றே சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சொன்னார் என்று சொல்லலாகாது.

இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு எகிப்திலேயே கிடைத்தது. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் யூதர்களின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் ஓர் அறை உண்டு. இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் எறியலாகாது என்னும் மரியாதையால் - நம் இல்லங்களிலும் அரபெழுத்துத் தாளை அப்படித்தானே பேணுகிறோம் - நூற்றாண்டுக் கணக்கில் அங்கே தாள்களைப் போட்டு வைத்தனர். 1896-97-இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர், கெய்ரோ யூத சமூகத் தலைவர்களின் இசைவோடு அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அங்குள்ள துண்டுகள் மட்டும் 1,90,000-க்கு மேல். அவற்றுள் பல ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபு மொழிக் கடிதங்கள். அவற்றை ஆராய்ந்த கோய்டைன் (1900 - 1985) அக்கால வணிகர் வாழ்வை ஐந்து தொகுதிகளில் எழுதினார். முஸ்லிம்களும் யூதரும் கூடி நடத்திய கடல் வாணிபத்தைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பங்கு அந்த அறையிலிருந்து வந்தது. அதனை வேண்டாமென்று யார் சொல்வார்?

ஆனால் இசைவு தந்தவர்கள் அறையின் காவலர்களே. கடிதம் எழுதியவர்கள் அல்லர். துனீசியாவின் மஹ்திய்யாவிலிருந்து வந்து, 1132 முதல் 1149 வரை மங்களூரில் வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் தாள்களும் அங்கே இருந்தன. அவர் ஓர் இந்திய அடிமைப் பெண்ணை விடுதலை செய்த பத்திரம், தம் மகளை உடன்பிறந்தாரின் மகனுக்குக் கொடுக்க விரும்பி ஏடனிலிருந்து எழுதிய கடிதம் எல்லாம் இன்று அச்சில் உள்ளன. ஏழெட்டு நூற்றாண்டுகள் கழிந்ததால் அவருடைய இரகசியம் எவருக்கும் தீங்கில்லாததாயிற்று என்று நாம் கருதுகிறோம். இப்னுல் அஸீர் குறிப்பிட்ட, எல்லா எழுத்துக்கும் பொது என்னும் கூட்டத்தார் இதனை ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே. மகளைப் பற்றிய அந்தக் கடிதத்தைத் தன் உடன்பிறந்தாரைத் தவிர வேறெவரும் படிப்பர் என்று அவர் எண்ணியிருக்கவே மாட்டார்.