ஒரு எண்ணை மாத்த 4 எம்பியா?

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வி. ஒரு பெரிய அறிவியல் தரவு ஃபைலில் ஒரே ஒரு எண்ணை மாத்தணும். வெறும் 4 பைட். அதுக்கு எவ்வளவு எழுதணும்?

பதில் தேடி 1987-க்குப் போவோம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என்சிஎஸ்ஏ என்ற சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில், எச்டிஎஃப் என்ற ஃபைல் வடிவம் பிறந்தது. 1998-ல் எச்டிஎஃப்5 வந்தது. பெரிய அட்டவணையைச் சம அளவு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்கி வைக்கலாம். அந்தத் துண்டுக்குப் பேர்தான் சங்க்.

இங்கதான் சிக்கல். சுருக்கிய சங்க்கின் நடுவில் கைவைக்க முடியாது. ஒரு சங்க்கில் 1000-க்கு 1000 எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் மொத்தம் 4 எம்பி. ஒரு எண்ணுக்காக அத்தனையையும் படிச்சு, விரிச்சு, மாத்தி, சுருக்கி, திரும்ப எழுதணும். இந்தத் தலைவலியை எச்டிஎஃப்5 லைப்ரரியே உள்ளுக்குள் சமாளிச்சது. ஆனா ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் உள்ளே போகலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் மலேரியா மரபணுத் தரவுகளோடு வேலை செய்த அலிஸ்டர் மைல்ஸுக்கு இது போதலை. 2016 வாக்கில் பைத்தானில் 'ஜார்' உருவாக்கினார். இதில் ஒவ்வொரு சங்க்கும் தனி ஃபைல். அமேசான் எஸ்3 மாதிரி கிளவுட் சேமிப்புக்கும் இது கச்சிதம். அங்கே ஒரு ஆப்ஜெக்ட்டின் நடுவில் திருத்த முடியாது, முழுசாத்தான் மாத்தணும்.

விதி எளிமையானது. ஆபத்து? ரெண்டு புரோகிராம்கள் ஒரே சங்க்கை எடுத்து, ஆளுக்கொரு எண்ணை மாத்தி எழுதுதுன்னு வைங்க. பூட்டு எதுவும் இல்லைன்னா, கடைசியா எழுதினது நிலைக்கும், முதல் திருத்தம் காணாமப் போகும். எரர் கூட வராது! ஆராய்ச்சி முடிவு தப்பாகலாம், யாருக்கும் தெரியாது.

லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்வது அடுத்த பிரச்சினை. ஜாரின் 3-ஆம் பதிப்பு பல சங்க்குகளை 'ஷார்ட்' என்ற ஒரே ஃபைலில் அடுக்குது. பைத்தானில் அது 2025 ஜனவரியில் வந்தது. படிக்க ஒரு சங்க் போதும். எழுதணும்னா முழு ஷார்ட்.

ஆக, இத்தனை வருஷத்தில் பகுதியா எழுதும் பிரச்சினை ஒழியலை. லைப்ரரிக்குள் ஒளிஞ்சிருந்தது, நம்ம கண்ணுக்குத் தெரியுற எல்லைக்கோடா மாறியிருக்கு. அதுதான் எளிமை. உங்க கோடில் பல வொர்க்கர்கள் எழுதுறாங்களா? ஒரு சங்க்குக்கு, ஷார்டிங் இருந்தா ஒரு ஷார்டுக்கு, ஒரே ஆள் எழுதுற மாதிரி வேலையைப் பிரிங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!