பாவையாய் நிற்போர்

மாதவி ஆடிய பதினோராடல்களுள் பாவைக்கூத்தும் ஒன்று என்பதைச் சிலம்பு பயின்றோர் அறிவர். போர்க்கோலம் பூண்ட அவுணர் மயங்கி வீழுமாறு, திருமகள் கொல்லிப்பாவையின் உருவில் ஆடியது அது. பாவையாகத் தோன்றுவதையும் கூத்தென்றே நம் முன்னோர் கொண்டனர் போலும்.

வடபுலத்தில் இதனை ஒத்த வழக்கொன்று உண்டு, 'ஜாங்கி' என்பர். காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் ஏறத்தாழ ஒரு திங்கள் நடைபெறும் ராமலீலையில், நாள்தோறும் ஆரத்தி வேளையில் இராமனும் சீதையும் தம்பியருமாக வேடமிட்ட சிறுவர்கள் விக்கிரகங்களைப் போல் அசையாது நிற்பர். சற்றுமுன் வசனம் பேசிய சிறுவனை, மத்தாப்பு ஒளியில் முதியோரும் கைகூப்பித் தொழுவர். பழைய தில்லியின் ராமலீலை ஊர்வலங்களிலும் இத்தகைய காட்சிகள் ஊர்திகளில் வருவதுண்டு.

விடுமுறைக்குச் சென்னை சென்ற நம் பிள்ளைகள் பலர், கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவில் 'சிலை மனிதரை'ச் சிரிக்கவைக்க முயன்று தோற்றிருப்பர். அவருக்குச் சீருடை உண்டு, சம்பளமும் உண்டு. இவை எவையுமின்றித் தலைநகரின் தெருவில் நிற்பவன் நிலை என்ன?

1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1960இல் தில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. பாட்டு, ஆட்டம், குறிசொல்லுதல், வித்தை ஆகியவற்றைக் காட்டிப் பொதுவிடத்தில் காசு பெறுவதும் அதன்படி பிச்சையே. முதன்முறை பிடிபட்டவரையும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை விடுதியில் அடைத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் எனக்கே அவ்வரையறையைப் படித்தபோது துணுக்கென்றது. மன்றத்தில் பாடிப் பரிசில் பெற்ற பாணரும் அதற்குள் அடங்கிவிடுவரே!

பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகள் செல்லா எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டு 8ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, பொம்மலாட்டக்காரரும் கழைக்கூத்தாடிகளும் வாழ்ந்த ஷாதிப்பூர் கத்புத்லி காலனி இடிக்கப்பட்டுவிட்டது.

சென்ற குளிர்காலத்தில், கன்னாட் பிளேசில், உடலெங்கும் வெள்ளிச்சாயம் பூசி, காந்தியடிகளின் கோலத்தில் ஒருவர் கோலூன்றி நின்றார். அந்தக் கூட்டத்தில் எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. என் மகள் தட்டில் நாணயமிட்டாள். அவருடைய இமைகள் மட்டும் ஒருமுறை தாழ்ந்து எழுந்தன. "அப்பா, அவர் என்னைப் பார்த்தார்" என்றாள். எவ்வூரினர் என வினவ எண்ணிச் சற்று நின்றேன். எம்மொழியில் வினவுவது என்று தெரியவில்லை.