சுவர்த்தாளில் தொடங்கிய கணிதம்

தஸ்தயேவ்ஸ்கி தம் அண்ணனோடு சேர்ந்து தொடங்கிய 'எபோக்கா' இதழில் 1864இல் அன்னா என்றோர் இளம்பெண்ணின் கதைகள் வெளிவந்தன. பின்னர் அவரை மணக்க விரும்பினார் தஸ்தயேவ்ஸ்கி, அன்னா மறுத்துவிட்டார். பதினைந்து வயதுத் தங்கையோ அந்த எழுத்தாளர்மேல் சொல்லாக் காதல் கொண்டிருந்தார். அத்தங்கையே கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்கயா.

1850இல் மாஸ்கோவில் பிறந்தவர். பாலிபினோ பண்ணை வீட்டில் சுவர்த்தாள் போதாமற்போகவே, குழந்தைகளின் அறைச்சுவரில் ஆஸ்த்ரோகிராத்ஸ்கியின் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டினார்களாம். விளங்காத அக்குறிகளின் முன் நெடுநேரம் நின்றதைத் தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. வெளிநாடு செல்லவோ தந்தை அல்லது கணவரின் இசைவு வேண்டும். எனவே 1868இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பெயரளவில் மணந்தார். பெர்லினிலும் கதவு அடைத்தே இருந்தது. 1870 முதல் நான்காண்டுகள் கார்ல் வயர்ஸ்ட்ராஸ் தனியே பாடம் சொன்னார். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், சனிக்கோளின் வளையம், ஆபெலியத் தொகையீடுகள் என மூன்று ஆய்வுகளுக்காக 1874இல் கோட்டிங்கன் முனைவர் பட்டம் தந்தது. பட்டம் வந்தது; வேலை வரவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் அவர் கணிதத்தைத் தொடவேயில்லை என்பது என்னை இன்றும் உறுத்தும் செய்தி.

பெயரளவு மணம் மெய்ம்மணமாகி ஒரு மகளும் பிறந்தாள். 1883இல், கடனில் மூழ்கிய விளாதிமிர் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு, மித்தாக்-லெஃப்லரின் முயற்சியால் ஸ்டாக்ஹோமில் விரிவுரை தொடங்கினார் சோஃபியா.

ஒரு புள்ளியில் ஊன்றிச் சுழலும் பொருளின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் முழுதும் தீர்ப்பது எப்படி? சிறார் கைப் பம்பரமும் இக்கேள்விக்குள் அடங்கும். ஆய்லரும் லக்ராஞ்சும் ஆளுக்கொரு வகையைத் தீர்த்திருந்தனர். மூன்றாவதைக் கண்டவர் கோவலெவ்ஸ்கயா. 1888இல் பாரிஸ் அகாதெமியின் போர்தான் பரிசு அதற்குக் கிட்டியது. தொகையும் 3000 பிராங்கிலிருந்து 5000ஆக உயர்த்தப்பட்டது. ஆய்வுகள் பெயரின்றியே அனுப்பப்பட்டன. எழுதியவர் பெண் என்று தெரியாத நிலையில் அளிக்கப்பட்ட தீர்ப்பு அது. அவரை வயர்ஸ்ட்ராஸின் நிழலாகக் குறுக்கியவர்கள் இந்த மூன்றாம் வகையின்முன் சற்று நின்றிருக்கலாம்.

1889இல் நிரந்தரப் பேராசிரியரானார். அதே ஆண்டு ரஷ்ய அகாதெமி அவரைத் தொடர்பு உறுப்பினராக்கியது. ஆனால் தாய்நாட்டில் பணி கிடைக்கவில்லை. 1891 பிப்ரவரியில், 41 வயதில், நுரையீரல் அழற்சியால் ஸ்டாக்ஹோமிலேயே காலமானார். அவருடைய இறுதி நாள்களைக் கொண்டு ஆலிஸ் மன்றோ எழுதிய நெடுங்கதை 2009இல் நூலாக்கம் பெற்றது. 'நிஹிலிஸ்ட் பெண்' என்ற அவரது சொந்த நாவல் அச்சேறியபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.