ஈட்டியும் கேடயமும்

என் தொடர்கதையின் நாயகி முன்னுக்குப் பின் முரணாக நடந்து கொள்கிறாள் என்று ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சீனாவின் நினைவு வந்தது.

நாம் முரண்பாடு என்பதைச் சீனர்கள் 'மாவ் துன்' என்கிறார்கள். மாவ் என்றால் ஈட்டி. துன் என்றால் கேடயம். கி.மு. 233-இல் மறைந்த ஹான் ஃபெய் என்ற அறிஞரின் நூலில் அதற்கொரு கதை இருக்கிறது. சூ நாட்டில் ஒருவன் ஈட்டியும் கேடயமும் விற்றான். தன் கேடயத்தை எதனாலும் துளைக்க முடியாது என்று பெருமையடித்தான். அடுத்த மூச்சிலேயே, தன் ஈட்டி துளைக்காத பொருளே இல்லை என்றும் சொன்னான். அந்த ஈட்டியால் அந்தக் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்கவே, வியாபாரி வாயடைத்துப் போனான்.

ஹான் ஃபெய் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யாவோ என்ற பழைய மன்னரின் காலத்தில், ஷுன் என்பவர் போய் வரப்புச் சண்டைகளைத் தீர்த்து மக்களைத் திருத்தினாராம். கன்பூசியஸ் வழியினர் இருவரையுமே குறையற்றவர்கள் என்று போற்றினார்கள். யாவோவின் ஆட்சியில் குறையே இல்லையென்றால், ஷுன் திருத்துவதற்கு என்ன இருந்தது? இதுதான் ஹான் ஃபெய்யின் கேள்வி. பெரியவர்களின் புகழையே அசைக்கும் கேள்வி!

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1927-இல், இதே சொல் ஒரு நாவலாசிரியரைக் காப்பாற்ற வந்தது. கம்யூனிஸ்டுகளை அரசாங்கம் வேட்டையாடிய நாட்கள் அவை. ஷென் யென்பிங் என்பவர் ஷாங்காயில் மறைந்திருந்து தம் முதல் நாவலை எழுதி, 'மாவ் துன்' என்று கையெழுத்திட்டார். தம்மைச் சுற்றியும் தமக்குள்ளும் அவர் கண்டது முரண்பாடுதான். பார்த்தவுடனே புனைபெயர் என்று தெரிந்துவிட்டால் ஆபத்து அல்லவா? பத்திரிகை ஆசிரியராக இருந்த நண்பர் யே ஷெங்தாவ், முதல் எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் சின்னத்தைச் சேர்த்தார். ஒலி மாறவில்லை, ஈட்டி மட்டும் சாதாரணக் குடும்பப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

விவாதத்தில் முரண்பாடு பிழை. வியாபாரி வாயை மூடத்தான் வேண்டும். மனித மனத்திலோ அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், இதைச் சாக்காக வைத்து எழுத்தாளன் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆகவே என் கதையை மறுபடி படித்தேன். வாசகர் சுட்டிய இரண்டு இடங்களில் ஒன்று என் கவனக்குறைவு, திருத்திவிட்டேன். மற்றொன்று அவளுடைய சுபாவம். அதன்மேல் நான் கைவைக்கவில்லை.