பசையில் நின்ற விமானம்

பிளைவுட் ஆலையில் பசையின் பிடிப்பைச் சோதிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் இரண்டாம் உலகப்போர் விமானங்கள் என்று பேச்சு வந்தாலே, எல்லாரும் ஸ்பிட்ஃபயரைக் கொண்டாடும்போது என் மனசு மாஸ்கிட்டோவிடம் போய்விடும். மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறந்த போர் விமானம். உடம்பும் இறக்கையும் மரம், அந்த மரத்தைச் சேர்த்துப் பிடித்தது பசை.

1930களின் இறுதியில் எல்லாரும் உலோகத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மாஸ்கிட்டோவைச் செய்த பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனமோ இரண்டு மெர்லின் எஞ்சின், இரண்டே ஆள், துப்பாக்கி இல்லாத குண்டுவீச்சு விமானம், வேகமே அதற்குக் காவல் என்றது. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளின் கை சும்மா இருக்கும் என்பதும் அவர்கள் கணக்கு. அதிகாரிகள் பலர் நம்பவில்லை. விமானப்படை உயரதிகாரி வில்ஃப்ரிட் ஃப்ரீமன் மட்டும் விடாப்பிடியாகத் துணை நின்றார். 1940 மார்ச் 1 அன்று 50 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் ஆர். ஈ. பிஷப்பின் குழு அதை வரைந்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ஹாட்ஃபீல்டில் முதல் விமானம் பறந்தது. சோதனையில் அன்றைய ஸ்பிட்ஃபயரையே அது முந்தியது.

உடற்கூட்டைச் செய்த விதம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது. வேர்க்கடலைத் தோட்டைப் போல இடம், வலம் என்று நெடுக இரண்டு பாதி. ஒவ்வொன்றுக்கும் மகோகனியிலோ கான்கிரீட்டிலோ ஓர் அச்சு. அதன்மேல் பிர்ச் பிளைவுட், நடுவில் ஈக்வடார் பால்சா, மேலே மறுபடி பிர்ச். எஃகுப் பட்டைகளால் இறுக்கிப் பசை காயும்வரை விட்டுவிடுவார்கள். பால்சா நகத்தால் அழுத்தினாலே குழியும் மரம். இரண்டு பிர்ச் தோல்களுக்கு நடுவே அடைபட்டதும் வளைய மறுக்கும். கம்பி, குழாய் எல்லாவற்றிலும் பெரும்பகுதியைத் திறந்த பாதிகளுக்குள்ளேயே நின்று வசதியாகப் பொருத்திய பிறகுதான் இரண்டையும் ஒட்டுவார்கள். கடைசியில் மேலே மாதபாலம் பருத்தித் துணி ஒட்டி மெருகு பூசுவார்கள். ஆணி வரிசையோ ரிவெட் தலையோ இல்லாத அந்த வழவழப்பு வேகத்துக்கு உதவியது.

போர்க்கதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1943 ஜனவரி 30 அன்று, நாஜிகள் ஆட்சியேறிய பத்தாம் ஆண்டு விழாவில் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் வானொலியில் பேச இருந்த நேரத்துக்குப் பட்டப்பகலில் பெர்லின் மேல் மாஸ்கிட்டோக்கள் வந்து நின்றன. பேச்சு தள்ளிப்போனது.

இனி பசைக்கு வருகிறேன். முதலில் பயன்பட்டது பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடுக்கு மாறினார்கள், எங்கள் ஆலையில் கலக்கியதும் அந்த வகைதான். ஆனாலும் 1944 கடைசியில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் சில மாஸ்கிட்டோக்களின் இறக்கைகள் பறக்கும்போதே பிய்ந்தன. ஆட்கள் செத்தார்கள். நவம்பரில் இங்கிருந்தவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தார்கள். நிறுவனத்திலிருந்து ஹியர்வார்ட் டி ஹாவிலாண்ட் நேரில் வந்து பார்த்தார். இறக்கைத் தோலும் ஸ்பார் என்னும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒட்டு சரியில்லை. நம் வெயிலும் மழையும் மரத்தை மாறிமாறி ஊதவும் சுருங்கவும் வைத்தன. அந்த மூட்டின் மேல் பிளைவுட் பட்டை ஒட்டி அடைத்தார்கள்.

இதை மறைத்துவிட்டு மாஸ்கிட்டோவைப் புகழ எனக்கு மனம் வராது. இரண்டு மரமும் படிந்து உட்கார்ந்தால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். பெரிய இடைவெளியை நிரப்பச் சொன்னால் பெரும்பாலான பசைகள் கைவிடும். அவசரத்தில் பல ஊர்ப் பட்டறைகளில் 7,781 விமானங்கள் செய்த இடத்தில் அந்தப் படிவு எல்லாவற்றிலும் ஒன்றுபோல அமையவில்லை. மொத்தத்தில் அது தாங்கியதே அந்தத் தச்சர்களின் கைத்திறன்.

சாலிஸ்பரி ஹாலில் முதல் மாதிரி இன்றும் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு மாஸ்கிட்டோவை மறுபடி பறக்கவிட விரும்பியவர்கள் பழைய ஒட்டை நம்பவில்லை. புதிதாக அச்சு செய்து, உடற்கூட்டைப் புது மரத்தில் செய்தார்கள். 2012 செப்டம்பரில் ஆக்லாந்துக்கு அருகே ஆர்ட்மோரில் அது பறந்தது. செய்முறை பிஷப் காலத்தது. பசை மட்டும் இன்றையது.