தட்டச்சுப் பயிலகத்திலிருந்து கணினி ஆய்வகம் வரை

அமராவதி ஆற்றின் பழைய ராஜவாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த ஊர் கொமரலிங்கம். நெல்லும் கரும்பும் தென்னையும் அதன் அடையாளங்கள். 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது இவ்வூரும் பின்னலாடை நகரத்தின் பெயரைத் தாங்கிய மாவட்டத்திற்குள் வந்து சேர்ந்தது. ஆனால் மாவட்டம் பிறப்பதற்கு முன்பே ஆலைகளின் வேன்கள் இந்த வட்டாரத்துச் சிற்றூர்களுக்குள் வந்துவிட்டன. ஆகவே இப்பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு எந்திரங்கள் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று தையல் எந்திரம். மற்றொன்று எழுத்து எந்திரம். முதலாவதைக் கற்றுக்கொள்ளக் காசு வேண்டியதில்லை, கூலியே கிடைக்கும். இரண்டாவதற்குக் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையாவைக் குறிப்பிடுகிறோம். அவர் வகுத்த விசைப்பலகையின் வழியில்தான் தமிழகத்துச் சிறுநகரங்கள் தட்டச்சு பழகின. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியறை, வரிசையாக ரெமிங்டன் எந்திரங்கள், மணிக்கணக்கில் முறை. இளநிலை, முதுநிலை என்று அரசுத் தேர்வுகள். இந்தப் பயிலகங்களைப் பற்றி நமது இலக்கிய வரலாறுகள் ஏனோ பேசுவதேயில்லை. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் பலர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்த வாசல் அதுதான். ஆனால் அந்த வாசல் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மாதக் கட்டணம், பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைக் கட்ட இயன்றவர்களுக்கே அது திறந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு வரை கிடைத்ததெல்லாம் கரும்பலகையும் பாடநூலுமே.

பள்ளிக்குள் கைத்திறனைக் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியைக் கொங்கு நாட்டில் வேரூன்றச் செய்தவர் தி. சு. அவினாசிலிங்கம். திருப்பூரில் பிறந்தவர்; 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர்; 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். (தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் பின்னால் நின்றவர் இவரே, அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். இராட்டையும் கலைக்களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு இன்றும் வியப்பே.)

அடுத்து வந்தது 1953. இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. இதைக் காந்தியக் கல்வியின் தொடர்ச்சியாகப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. நமக்கு அது உடன்பாடில்லை. ஆதாரக் கல்வி எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே தக்ளியைக் கொடுத்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டமோ தகப்பன் கையில் என்ன இருந்ததோ அதையே பிள்ளையின் கையிலும் கொடுத்தது. தகப்பன் கையில் எது இருக்கும் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில் அதற்குக் குலக்கல்வி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன? 1954 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. அதை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமும் நம் பக்கத்துக்காரர், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையம்.

அரசு கைவிட்டதைச் சந்தை எடுத்துக்கொண்டது. 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது, தைத்த துண்டுகளைப் பிரித்து மடித்து அடுக்கிக் கொடுக்கக் ‘கைமடி’ என்ற பெயரில் சிறுவர் சிறுமியர் வேலைக்கு வந்தனர். கைமடியிலிருந்து ஓவர்லாக், அங்கிருந்து பேட்லாக், அங்கிருந்து பீஸ் ரேட். இதுவும் திறன் வளர்ச்சிதான், ஐயமில்லை. சொந்தக் கம்பெனி வைத்தவர்கள்கூட இப்படி வந்தவர்கள் உண்டு. ஆனால் எத்தனை பேர்?

இந்தப் பின்னணியில்தான் கணினி நுழைந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. இலக்கண நூலின் முதல் பாடம் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடிய அமைப்பு அது. இதைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் பயிலகத்தின் வாசலில் நிற்க வேண்டியவர் தொகை பெரிதும் குறைந்திருக்கும். நடந்ததோ வேறு. கணினி நெடுங்காலம் மேல்நிலை வகுப்பில் மட்டுமே பாடமாக இருந்தது. எங்கள் வகுப்புக்கு வரும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் இன்றும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே தமிழை அடிக்கிறார்கள்.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அதைத் தேர்தல் இனாம் என்று ஏளனம் செய்தோர் இலக்கிய வட்டாரத்திலும் இருந்தனர். பயிலகத்துக்குக் கட்டணம் கட்ட இயலாதவர்களின் வீட்டுக்கு முதல் தலைமுறையாக ஓர் எழுத்து எந்திரம் சொந்தமாக வந்தது என்பதை அவர்கள் காணவில்லை. ஆயினும் பொருள் வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. 2018இல் பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சானது; பின்னர் 6,029 பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்போரின் கோரிக்கை மட்டும் ஆண்டுக்காண்டு நீண்டது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் தகப்பனோடு காலையில் வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு துணை நின்றது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்பதைச் சொல்லும் பொறுப்பை அரசு தானே ஏற்றது. வசதியான வீட்டில் மாமனோ சித்தப்பனோ செய்யும் வேலை இது. உறவில் அப்படி ஒருவர் இல்லாத பிள்ளைக்கு இதன் அருமை தெரியும்.

வாழ்வியல் திறன் என்ற சொல் 1990களில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துத் திறன்களின் வழியாகப் பரவியது. முடிவெடுத்தல், தன்னை அறிதல் என்றெல்லாம் அந்தப் பட்டியல் போகிறது. கேட்பதற்குப் பொதுப்படையாக இருக்கும். ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்கு வெகு துல்லியமான பொருள் உண்டு. நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு வேலைக்குப் பின் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சேர்த்தார்கள். இடையில் நின்றுவிட்டால் அந்தத் தொகை கையில் கிடைக்காமல் போனவர்கள் பலர். அத்தகைய தாளில் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கவும், புரியாததைக் கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் ஒரு பெண்ணுக்கு இயல வேண்டும். சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்காகப் பிடித்த தொகை உண்மையில் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதை இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். அதற்கு வேண்டியவை யு.ஏ.என். எண்ணும், அவள் பெயரிலேயே ஒரு கைபேசி எண்ணும், வரும் ஓ.டி.பி.யை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடாத விழிப்பும்.

இவற்றில் எதுவும் இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் மதிப்பெண்ணுக்குரிய வினாவாக வருவதில்லை. பள்ளி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.