மனைவியின் சகோதரி: ஒரு வசனமும் 72 ஆண்டு வழக்கும்

மனைவி உயிரோடிருக்கையில் அவளுடைய சகோதரியையும் மணந்து அவளுக்கு மனவேதனை அளிக்கலாகாது என்பது பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனம் தரும் கருத்து. ‘உயிரோடிருக்கையில்’ என்ற அந்த ஒரு சொல்லை முன்வைத்து இங்கிலாந்துக் கிறித்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் நடத்திய நீண்ட விவாதத்தை நாம் ஈண்டு நோக்குவோம்.

மனைவி இறந்தபின் அவள் சகோதரியை மணக்கலாமா? யூத அறிஞர்கள் நேர்பொருள் கொண்டு ஆகும் என்றனர். ஆங்கிலத் திருச்சபையோ ஆகாது என்றது. பேராயர் மத்தேயு பார்க்கர் 1563இல் வெளியிட்ட விலக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் அவளும் இடம்பெற்றாள். இதற்கு முதன்மையாகக் காட்டப்பட்ட ஆதாரம் 18ஆம் வசனமன்று. சகோதரனின் மனைவியை விலக்கும் 16ஆம் வசனமே. கணவனும் மனைவியும் ஒரே உடல் என ஆதியாகமம் கூறுவதால், அவ்விலக்கு மனைவியின் சகோதரிக்கும் பொருந்துமாம். நம் ஃபிக்ஹு நூல்கள் கியாஸ் என்று கூறும் ஒப்புநோக்கு முறையை இது ஒத்திருக்கிறது. ஆனால், தெளிவான வசனம் இருக்கையில் கியாஸுக்கு இடமேது என்றே நம் உஸூல் அறிஞர்கள் வினவியிருப்பர்.

அவர்களிடமும் விடை இருந்தது. 18ஆம் வசனம் சகோதரியைப் பற்றியதே அன்று. ஒருத்தியோடு இன்னொருத்தியையும் மணப்பதைத் தடுப்பது என்றனர் சிலர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓரக்குறிப்பாக இப்பொருளையும் தந்திருந்தது. எனினும், பிள்ளையின்றி இறந்த சகோதரனின் மனைவியை மணக்குமாறு உபாகமம் 25ஆம் அதிகாரம் பணிப்பது அவர்களுக்கு என்றும் இடறலாகவே இருந்தது.

1835 வரை இத்தகைய திருமணம், தம்பதியர் இருவரும் வாழும் காலத்தில் திருச்சபை நீதிமன்றம் ரத்துச் செய்தாலன்றிச் செல்லுபடியாகும். அவ்வாண்டின் சட்டம் முன்னர் நடந்தவற்றைக் காத்து, இனி நடப்பவற்றை அடியோடு செல்லாதவை ஆக்கியது. தாயை இழந்த குழந்தைகளை வளர்க்கச் சிற்றன்னை வீட்டுக்கு வருவது ஏழைக் குடும்பங்களின் இயல்பு. அவளை மணந்தாலோ, பிறக்கும் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் எனப்பட்டு வாரிசுரிமை இழந்தனர். வசதியுள்ளோர் கடல் கடந்து சென்று மணந்தனர். ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1875இல் சுவிட்சர்லாந்தில் அவ்வாறே செய்தார். ஆயினும் தாயகச் சட்டம் அத்திருமணத்தையும் ஏற்கவில்லை.

1842 முதல் திருத்த மசோதாக்கள் மீண்டும் மீண்டும் வந்தன. பிரபுக்கள் சபையில் ஆயர்கள் அவற்றை எதிர்த்தனர். ஆக்ஸ்ஃபோர்டு எபிரேயப் பேராசிரியர் பூசி, அரச விசாரணைக் குழுவின் முன் தடைக்கு ஆதரவாகச் சாட்சியமளித்தார். எபிரேயம் கற்ற யூதர்கள் அதே வசனத்தில் அனுமதியைக் கண்டதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இரு சகோதரிகளை ஒருசேர மணமுடித்தலை விலக்கும் ஸூரத்துந் நிஸாவின் 23ஆம் வசனத்தை நம் அறிஞர்கள் விளங்கியதும் இவ்வாறே: மனைவி இறந்தபின் அத்தடை இல்லை.

1907இல் சட்டம் மாறியது. மனம் ஒப்பாத குருமார் இத்திருமணத்தை நடத்த மறுக்கலாம் என்ற சலுகையும் உடன் இருந்தது. முதல் உலகப் போர் ஏராளமான பெண்களை விதவைகளாக்கிச் சென்றபின், 1921இல், இறந்த சகோதரனின் மனைவியை மணப்பதற்கும் நாடாளுமன்றம் அனுமதி அளித்தது. எந்த விலக்கை மூலமாகக் கொண்டு அந்த ஒப்புநோக்கு எழுந்ததோ, நாட்டுச் சட்டத்தில் அதுவும் இவ்வாறு தளர்ந்தது.